பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டர்: பராமரிப்புக்கும் எண்ணெய் இடுவதற்கும் முழுமையான வழிகாட்டி

கார் ஐடிலில் அழகாக நிற்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிக்கப் இல்லை. மேடு ஏறும்போது திணறுகிறது, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகிறது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது. இப்படி ஒரு பழைய கார் வந்தால் எல்லார் கையும் முதலில் கார்பரேட்டருக்குத்தான் போகும். ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள், மிதவையைச் சரிபார்ப்பார்கள், பிளக்கை மாற்றுவார்கள். கார் அப்படியேதான் இருக்கும்.

இந்த மாதிரிக் கார்கள் பலவற்றில் நான் கண்ட காரணம் ஒன்றுதான். பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே, பாயின்ட் (மின்சாரத்தைத் தொடுத்து அறுக்கும் சிறு ஸ்விட்ச்) உட்கார்ந்திருக்கும் தகட்டுக்குக் கீழே, எண்ணெய் காணாமல் காய்ந்து இறுகிப்போன இரண்டு சிறிய எடைகள். பாயின்ட்டை எல்லாரும் கவனிக்கிறார்கள், ஏனென்றால் மேல்மூடியான கேப்பைத் திறந்தாலே அது கண்ணுக்குத் தெரிகிறது. தகட்டுக்குக் கீழே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. இந்த வழிகாட்டியில் பாயின்ட், அதன் முகம் கருகாமல் காக்கும் கண்டன்சர், கேப், பொறி விடும் நேரமான டைமிங் எல்லாமே வரும். ஆனால் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்லப்போவது எண்ணெய் இடுவதைத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட், கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் 1500 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு பொறி. நிமிடத்துக்கு 6000, நொடிக்கு 100. அந்த நூறு முறையும் ஷாஃப்ட்டின் மேல் உள்ள கேமின் முனை, பாயின்ட்டின் ஃபைபர் குதிகாலைத் தள்ளித் திறக்கிறது. அந்த நொடியில் காயிலின் முதன்மைச் சுற்றில் ஓடிய மின்சாரம் அறுபட்டு, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்புகிறது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1910-இல் காடிலாக் கார்களில் வந்த அமைப்பு இது. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மேல், அடிப்படை மாறாமல், உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதில்தான் ஓடின.

பொறியைப் பகிர்ந்து அனுப்புவது ஒரு வேலை. எப்போது அனுப்புவது என்று முடிவு செய்வது இன்னொரு வேலை. பெட்ரோல் கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் தேவை. வேகம் கூடும்போது பிஸ்டனுக்கு அந்த நேரம் இருக்காது, அதனால் பொறி முன்கூட்டியே வர வேண்டும். ஐடிலில் பிஸ்டன் மேல் முனைக்கு வர 10 டிகிரி முன்னால் பொறி விடும் ஒரு எஞ்சினுக்கு, உயர் வேகத்தில் 30 டிகிரிக்கும் மேல் தேவைப்படலாம். அட்வான்ஸ் எனப்படும் அந்தக் கூடுதல் டிகிரிகளைத் தருவது அந்த இரண்டு எடைகள். ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும்போது அவை வெளியே விரிந்து, கேமைச் சுற்றும் திசையிலேயே கொஞ்சம் முன்தள்ளும். வேகம் குறைந்தால் இரண்டு ஸ்ப்ரிங்குகள் அவற்றை உள்ளே இழுத்துவிடும்.

எடைகள் உள்ளேயே ஒட்டிக்கொண்டால் உயர் வேகத்திலும் பொறி தாமதமாகவே வரும். கலவை தாமதமாக எரிந்து, சூடு வேலை செய்யாமல் எக்ஸாஸ்ட்டுக்கும் ரேடியேட்டருக்கும் போகும். முதல் பத்தியில் சொன்ன கார் அதுதான். வெளியே விரிந்தபடி ஒட்டிக்கொண்டால் நேர்மாறு: ஐடில் ஏறி நிற்கும், செல்ஃப் போடும்போது எஞ்சின் பின்னுக்கு உதைக்கும், சுமை ஏறினால் நாக்கிங் எனும் தட்டல் ஒலி கேட்கும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், டைமிங் லைட், 12 வோல்ட் சோதனை பல்பு, பஞ்சு நூல் விடாத துணி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். எண்ணெய்க்கு எஞ்சின் ஆயிலே போதும். அதைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்கு ஒரு மெல்லிய ஊசி சிரிஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் கேனில் ஒரு சொட்டு என்று நினைத்து அழுத்தினால் பத்துச் சொட்டு விழும். கேமுக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் கேம் கிரீஸ் என்றே விற்கும் உயர் வெப்பக் கிரீஸ். வீல் பேரிங் கிரீஸ், சேசிஸ் கிரீஸ் வேண்டாம். சூட்டில் இளகிச் சிதறும் எந்தக் கிரீஸும் கடைசியில் பாயின்ட் முகத்தில்தான் போய் உட்காரும். ஊடுருவும் ஸ்ப்ரே எதையும் மசகாகக் கருதாதீர்கள். அது துருவை இளக்கும், ஈரத்தைத் தள்ளும், பழைய எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

முதல் படி: திறப்பதற்கு முன்

சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் இக்னிஷன் ஆன் ஆகக் கிடந்தால் காயில் வழியாகத் தொடர்ந்து 3, 4 ஆம்பியர் ஓடி, காயில் கொதித்துக் கெட்டுப்போகும். பிளக் வயர்கள் ஒவ்வொன்றிலும் சிலிண்டர் எண்ணை ஒட்டுங்கள். வரிசை நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். பி.எம்.சி. ஏ-சீரிஸ் எஞ்சினில் 1-3-4-2, ரோட்டர் (ஷாஃப்ட்டின் உச்சியில் சுற்றிப் பொறியை ஒவ்வொரு பிளக் வயருக்கும் தரும் கை) கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1-4-3-2, கடிகாரத் திசை. ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது. வெளிப்புறத்து அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்த பிறகே கேப்பைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் மண் முழுக்க உள்ளே போகும்.

இரண்டாம் படி: கேப், ரோட்டர்

கேப்பின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கோ விளிம்புக்கோ பென்சிலால் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடு ஓடினால் அது கார்பன் தடம். மின்சாரம் அந்தப் பாதையில் கசிகிறது. சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரும், கேப்பை மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் கார்பன் குச்சி, ஸ்ப்ரிங்கில் எழும்பி இறங்க வேண்டும். உள்முனைகளில் படிந்திருக்கும் வெண்சாம்பலை மெல்லச் சுரண்டலாம், ஆனால் அரத்தால் ராவக் கூடாது. ராவினால் ரோட்டருக்கும் முனைக்கும் இடையே இடைவெளி கூடும்.

ரோட்டரை நேராக மேலே இழுங்கள், வந்துவிடும். சில டெல்கோ வகைகளில் இரண்டு திருகுகள் இருக்கும். ரோட்டரின் அடிப்பக்கத்தில் கரும்புள்ளியோ வெடிப்போ இருந்தால், பொறி பித்தளையிலிருந்து பிளாஸ்டிக்கைத் துளைத்து ஷாஃப்ட் வழியாக எர்த்துக்கு ஓடுகிறது என்று பொருள். புதிதாக வாங்கிய ரோட்டரிலும் இது நேரலாம், குறிப்பாகப் பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய மலிவு ரோட்டர்களில். ரிவெட்டின் அடிமுனைக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் சுவர் மட்டும். ஓடிக்கொண்டிருந்த கார் முன்னறிவிப்பின்றி நின்று, காயில் வயரில் பொறி இருந்தும் பிளக்கில் இல்லையென்றால் ரோட்டரைச் சந்தேகியுங்கள். ஒரு மாற்று ரோட்டர் காரிலேயே இருக்கட்டும்.

மூன்றாம் படி: எண்ணெய் விடும் முன் மூன்று சோதனைகள்

இதை எண்ணெய் விட்ட பிறகு செய்தால் பயனில்லை. முன் எப்படி இருந்தது என்று தெரியாமல் போய்விடும்.

ரோட்டரைத் திரும்ப மாட்டி, அது சுற்றும் திசையில் விரலால் திருகுங்கள். சில டிகிரிகள் நகர்ந்து, ஸ்ப்ரிங்கின் எதிர்ப்பு விரலில் தெரிய வேண்டும். விட்டால் பட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் உள்ளே காய்ந்திருக்கிறது. நகரவே இல்லையென்றால் இறுகிவிட்டது. முழுவதும் திரும்பாமல் நடுவில் நின்றால் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது அறுந்திருக்கலாம். எதிர்ப்பே இல்லாமல் தளதளவென்று ஆடினாலும் ஸ்ப்ரிங் போய்விட்டது.

அடுத்து, ஷாஃப்ட்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இங்கே நகர்வு கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஆடினால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டரில் கேம் ஒவ்வொரு முனைக்கும் பாயின்ட்டை வெவ்வேறு அளவு திறக்கும், நீங்கள் எவ்வளவு கவனமாக இடைவெளி வைத்தாலும் நிற்காது.

மூன்றாவது, எஞ்சினின் வெற்றிடத்தால் பாயின்ட் தகட்டை நகர்த்தி டைமிங்கை மாற்றும் வேக்குவம் டயாஃப்ரம். கார்பரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, சுத்தமான ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி வாயால் உறிஞ்சுங்கள். பாயின்ட் தகடு நகர வேண்டும். உறிஞ்சியபடியே குழாய் முனையை நாக்கால் அடைத்தால் தகடு அங்கேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, யூனிட்டை மாற்ற வேண்டியதுதான். டயாஃப்ரம் நிற்கிறது, தகடு மட்டும் நகரவில்லை என்றால் தகடு காய்ந்திருக்கிறது. லூகாஸ் யூனிட்டில் 5-17-10 போல மூன்று எண்கள் பொறித்திருக்கும். 5 அங்குல வெற்றிடத்தில் நகரத் தொடங்கி, 17 அங்குலத்தில் முடிந்து, அதிகபட்சம் 10 டிகிரி தரும் என்பது அதன் பொருள். அந்த 10, டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. கிராங்க்கில் அது 20. மாற்று யூனிட் வாங்கும்போது இந்த எண்களை ஒப்பிட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: பாயின்ட், கண்டன்சர், உள்வயர்கள்

பாயின்ட் முகங்கள் டங்ஸ்டன். சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் ஆரோக்கியம். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் கொஞ்சம் இருப்பது இயல்பு. சில நூறு கிலோமீட்டரிலேயே பெரிதாகிவிட்டால் கண்டன்சரின் கொள்ளளவு பொருந்தவில்லை. வழக்கமான மதிப்பு 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். முகம் நீலமாகக் கருகியிருந்தால் கண்டன்சர் செத்திருக்கலாம், அல்லது எண்ணெய் ஆவி பட்டிருக்கலாம். பாயின்ட்டுக்கு நேர் கீழே தகட்டில் கறுப்புப் பூச்சு ஒரு கோடாகத் தெரிந்தால் எண்ணெய்தான் குற்றவாளி.

எமரித் தாள் போடாதீர்கள். அதன் துகள் முகத்தில் புதைந்து மின்சாரத்தைத் தடுக்கும். மெல்லிய பாயின்ட் அரம் இரண்டு இழுப்பு போதும், பிறகு ஆல்கஹாலில் நனைத்த வெள்ளை அட்டையை நடுவே விட்டு, பாயின்ட் மூடிய நிலையில் இழுங்கள். அட்டை கறுக்காமல் வரும்வரை செய்யுங்கள். புதுப் பாயின்ட்டிலும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் ஒரு பூச்சு பூசியிருப்பார்கள்.

லூகாஸ் 25டி4 வகையில் புதுப் பாயின்ட் மாட்டும்போது பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கண்டன்சர் வயர், காயிலிலிருந்து வரும் வயர், பாயின்ட்டின் ஸ்ப்ரிங் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஆனால் அவை மாட்டியிருக்கும் தண்டை எதுவுமே தொடக் கூடாது. முதலில் ஃபைபர் வாஷர், அதன் மேல் ஸ்ப்ரிங்கின் கண். தொப்பி வடிவ பிளாஸ்டிக் புஷ்ஷின் கழுத்தில் இரண்டு வயர்களின் முனைகளையும் கோத்து, ஸ்ப்ரிங் கண்ணுக்குள் இறக்கி, நட்டைப் போடுங்கள். வரிசை மாறினால் காயில் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும், பொறி வராது.

இதை மல்டிமீட்டரில் நொடியில் கண்டுபிடிக்கலாம். பேட்டரியை இணைத்து, இக்னிஷனை ஆன் செய்து, டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு வயர் முனைக்கும் பேட்டரி எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். பாயின்ட் திறந்திருக்கும்போது பேட்டரியின் முழு வோல்ட் வர வேண்டும். பூஜ்யம் வந்தால் ஒன்று வாஷர் வரிசை தவறு, இல்லையென்றால் கண்டன்சர் ஷார்ட். பாயின்ட் மூடியிருக்கும்போது 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் முகம் அழுக்கு, அல்லது தகட்டிலிருந்து உடம்புக்குப் போகும் சின்ன எர்த் வயர் கெட்டிருக்கிறது.

அந்த எர்த் வயரைப் பற்றி இன்னும் ஒரு சொல். வேக்குவம் தகட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது வளைகிறது. துணி உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். ஐடிலில் ஓடி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் மிஸ்ஸிங் ஆகும் காரில் இதை இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் அறுந்துவிட்டது. சாதாரண வயரைப் போட்டால் விறைப்பில் மறுபடி அறும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள, மிக வளைந்துகொடுக்கும் வயர்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: எண்ணெய்

லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரை முன்வைத்துச் சொல்கிறேன், பிற வகைகளின் வேறுபாடு பின்னால் வரும். இடங்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு, காரணமும் வேறு.

முதலிடம் ஷாஃப்ட்டின் உச்சி. ரோட்டரை எடுத்தால் கேமின் நடுவில் ஒரு திருகு தெரியும். அதைக் கழற்ற வேண்டாம். திருகின் தலையைச் சுற்றி எண்ணெய் இறங்க வழி விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். இரண்டு மூன்று சொட்டு விட்டு, இறங்கும்வரை காத்திருங்கள். இந்த எண்ணெய் போவது கேமுக்கும் அதன் உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே. எடைகள் விரியும்போது கேம் இந்த ஷாஃப்ட்டின் மேல்தான் திரும்புகிறது. இது காய்ந்தால் எடைகள் எவ்வளவு சுதந்திரமாக இருந்தாலும் அட்வான்ஸ் வராது. நான் பார்த்த இறுகல்களில் பெரும்பாலானவை எடைகள் சுழலும் ஊசிகளில் இல்லை, இங்கேதான்.

இரண்டாவது, எடைகள். தகட்டுக்கும் கேமுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சிரிஞ்சின் முனையை நுழைத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டிரண்டு சொட்டு. பாயின்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். விட்டபின் ரோட்டரை மாட்டிப் பத்துப் பதினைந்து முறை திருகி விடுங்கள். சோம்பலாக இருந்தது, திருகத் திருகச் சுறுசுறுப்பாவது விரலில் தெரியும். அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையை எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது, நகரும் பாயின்ட் சுழலும் சிறு தண்டு. இங்கே ஒரே சொட்டு, அதுவும் ஊசி முனையில் தொட்டு வைக்கும் அளவு. பாயின்ட் கையைத் தூக்கி எடுக்க முடியும் வகையென்றால் எடுத்துத் தண்டில் லேசாகப் பூசுங்கள். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். இது இறுகினால் உயர் வேகத்தில் பாயின்ட் மூட நேரமில்லாமல் மிதக்கும்.

நான்காவது, தகடு. வேக்குவத்துக்காக மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் நகர்கிறது. உரசும் இடத்தில் ஒரு சொட்டு, பிறகு குழாயை உறிஞ்சி நாலைந்து முறை நகர்த்துங்கள்.

ஐந்தாவது, கேம். இதற்கு எண்ணெய் கூடாது, கிரீஸ்தான். பழைய கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு, தீக்குச்சித் தலை அளவு எடுத்து எல்லா முனைகளிலும் படலமாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு மிகச் சிறிது கிரீஸை ஃபைபர் குதிகாலின் ஓரத்தில், கேம் முனை எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்கிறதோ அந்தப் பக்கத்தில் வையுங்கள். கேம் சுற்றும்போது அதைக் குதிகாலுக்குள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபக்கத்தில் வைத்தால் வெளியே தள்ளிவிடும். கிரீஸ் இல்லாத குதிகால் வேகமாகத் தேயும், இடைவெளி சுருங்கும், டைமிங் தாமதமாகும். பாயின்ட் அடிக்கடி இறங்குகிறது என்று சொல்பவர்களின் கேமைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

எண்ணெய் அதிகமானாலும் கேடுதான். கேப்புக்குள் சூடு, சுழற்சி, பொறி மூன்றும் இருக்கின்றன. மிஞ்சிய எண்ணெய் சிதறிப் பாயின்ட் முகத்தில் பட்டால் ஒவ்வொரு பொறியிலும் கொஞ்சம் கருகி, மின்சாரம் போகாத படலமாக மாறும். நான் பழகும் காலத்தில் நிறைய விட்டால் நீண்ட நாள் வரும் என்று நினைத்து ஒரு காருக்கு விட்டேன். சில நாட்களில் அது வழியில் நின்றது. பாயின்ட் முகம் கரிப்பூச்சாக இருந்தது. அன்றிலிருந்து சிரிஞ்சு இல்லாமல் இந்த வேலையைத் தொடுவதில்லை.

மற்ற வகைகள்: பாஷ் டிஸ்ட்ரிபியூட்டர் பலவற்றில் கேமின் உச்சியில் ஒரு சிறிய கம்பளித் திரி இருக்கும். முதலிடத்துக்கான எண்ணெயை அந்தத் திரியில் விட வேண்டும், இரண்டு மூன்று சொட்டு. திரி காணாமல் போயிருந்தால் அந்தக் குழியில் எண்ணெய் நிற்காது, ஆகவே கம்பளித் துண்டு ஒன்றை வெட்டி வையுங்கள். பக்கவாட்டில் மூடியுள்ள எண்ணெய்க் குழாயோ கிரீஸ் கப்போ இருக்கும் பழைய வகைகளில் அது கீழே உள்ள புஷ்ஷுக்கு. பாயின்ட்டை வெளியிலிருந்து திருப்பும் ஜன்னல் வைத்த டெல்கோ வி8 டிஸ்ட்ரிபியூட்டரில் எடைகள் தகட்டுக்கு மேலே, ரோட்டருக்கு நேர் கீழே இருக்கும். நேராகப் பார்த்தே எண்ணெய் விடலாம். அதில் கேமைத் தடவும் திரிக்கு எண்ணெய் விடக் கூடாது. தேய்ந்தால் புதிது போட வேண்டும்.

ஆறாம் படி: இடைவெளியும் டுவெல்லும்

குதிகால், கேமின் முனை உச்சியில் நிற்கும்படி கிராங்க்கைத் திருப்பி ஃபீலர் கேஜை விடுங்கள். லூகாஸ் 25டி4 வகைக்கு 0.35 முதல் 0.40 மி.மீ., பீட்டிலுக்கு 0.40 மி.மீ. உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். தகடு இழுபட்டும் இழுபடாமலும் நழுவ வேண்டும். திருகை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கும். ஃபீலர் தகட்டில் எண்ணெய் இருந்தால் அதுவே பாயின்ட்டை அழுக்காக்கும், துடைத்துவிட்டு நுழையுங்கள்.

ஃபீலர் ஏமாற்றும் ஓர் இடமும் உண்டு. மேடும் குழியும் உள்ள பாயின்ட்டில் தகடு மேட்டின் மேல் நின்று அளக்கும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். டுவெல் மீட்டர் ஏமாறாது. டுவெல் என்பது பாயின்ட் மூடியிருக்கும் கோணம். நான்கு சிலிண்டருக்கு ஒவ்வொரு பொறிக்கும் 90 டிகிரி. அதில் 25டி4 வகைக்கு 60 டிகிரி, 3 கூடலாம் குறையலாம். 45டி4 வகைக்கு 51, 5 கூடலாம் குறையலாம். இடைவெளி கூடினால் டுவெல் குறையும். ஜன்னல் வைத்த டெல்கோ வி8-இல் எஞ்சின் ஓடும்போதே ஆலன் கீயால் 30 டிகிரிக்குத் திருப்பலாம்.

டுவெல் ஒரு டிகிரி மாறினால் கிராங்க்கில் டைமிங்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறும். அதனால்தான் எப்போதும் பாயின்ட் முதலில், டைமிங் பிறகு. டைமிங்கை வைத்துவிட்டுப் பாயின்ட்டைத் தொட்டால் செய்த வேலை வீண்.

ஏழாம் படி: டைமிங்

கிராங்க்கை ஓடும் திசையிலேயே திருப்பி, முதல் சிலிண்டரின் குறியை நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் கொண்டுவராதீர்கள், செயின் தளர்வு கணக்கைக் கெடுக்கும். நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னே வாருங்கள். சோதனை பல்பை டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு வயர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டி இக்னிஷனைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, அதன் உடம்பை ரோட்டர் சுற்றும் திசையில் திருப்பினால் பல்பு அணையும். இப்போது எதிர்த் திசையில் மயிரிழையாக நகர்த்துங்கள். பல்பு எரியும் அந்த இடம்தான் பாயின்ட் திறக்கும் இடம். கிளாம்பை இறுக்குங்கள், அளவாக. அதிகம் இறுக்கினால் அலுமினிய உடம்பு நெளியும்.

எஞ்சினை ஓடவிட்டு டைமிங் லைட்டில் பாருங்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிடுங்கள். ஐடிலில் குறி சரியாக நிற்கிறதா என்று பார்த்தபின், ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றிக்கொண்டே வாருங்கள். குறி வழுவழுவென்று நகர வேண்டும், தாவக் கூடாது. விட்டவுடன் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராமல் நாலைந்து டிகிரி தள்ளியே நின்றால் எண்ணெய் இன்னும் இறங்கவில்லை, அல்லது ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறது. ஒரே வேகத்தில் குறி முன்னும் பின்னுமாகத் துடித்தால் புஷ் தேய்மானம். குழாயைத் திரும்ப மாட்டும்போது, மேனிஃபோல்டில் இருந்து வேக்குவம் எடுக்கும் காரில் ஐடில் ஏறும். கார்பரேட்டரின் த்ராட்டில் ஓரத்திலிருந்து எடுக்கும் காரில் மாறாது. இரண்டுமே இயல்புதான்.

எண்ணெய்க்கு அடங்காவிட்டால்

இரண்டு நாள் எண்ணெய் ஊறவிட்டும் ரோட்டர் திரும்பவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டும். குறடு போட்டுத் திருகாதீர்கள், கேம் கீறிப்போகும்.

கழற்றுமுன் உடம்புக்கும் பிளாக்குக்கும் குறுக்கே ஒரு கோடு, ரோட்டர் முனை நிற்கும் இடத்தில் விளிம்பில் ஒரு கோடு போடுங்கள். லூகாஸில் கிளாம்பின் நெருக்கும் போல்ட்டைத் தொடாமல், கிளாம்ப் தகட்டைப் பிளாக்கில் பிடிக்கும் போல்ட்டுகளை மட்டும் எடுத்தால் டைமிங் அப்படியே இருக்கும். கீழே உள்ள நாக்கு நடுவிலிருந்து விலகி அமைந்திருப்பதால் திரும்ப ஒரே வழியில்தான் பொருந்தும். பல்சக்கரம் வைத்த வகையில் மேலே தூக்கும்போது ரோட்டர் சுழன்றுகொண்டே வரும். வெளிவந்தபின் நிற்கும் இடத்தையும் குறித்துவைத்தால் திரும்ப இறக்குவது எளிது.

தகட்டையும் திருகையும் கழற்றினால் கேம் மேலே வரும். எடைகள், ஊசிகள், கேமின் உட்துளை எல்லாவற்றையும் கழுவித் துருவை நீக்கி எண்ணெய் பூசுங்கள். கேமை 180 டிகிரி மாற்றி மாட்டிவிடாதபடி குறியிடுங்கள். மாற்றி மாட்டினால் பொறி நேர் எதிர்ச் சிலிண்டருக்குப் போகும். ஸ்ப்ரிங்குகளைக் கவனியுங்கள். பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஒன்று மெலிதாகவும் மற்றது தடித்தும் இருக்கும். தடித்ததன் கண் நீளமாகி, ஊசியில் தளர்ந்து தொங்கும். அது பழுது இல்லை. முதலில் மெல்லிய ஸ்ப்ரிங் மட்டும் வேலை செய்து அட்வான்ஸ் வேகமாக ஏறவும், குறிப்பிட்ட வேகத்துக்குப் பின் தடித்தது சேர்ந்து ஏற்றத்தை மட்டுப்படுத்தவும் அப்படி வைத்திருக்கிறார்கள். தளர்வாக இருக்கிறதே என்று அந்தக் கண்ணை நெருக்கிவிட்டால் அட்வான்ஸ் கணக்கு முழுவதும் கெடும். ஸ்ப்ரிங்கை இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

புஷ் தேய்ந்திருந்தால், புதிய வெண்கலப் புஷ்ஷைப் பொருத்தும் முன் 24 மணி நேரம் எஞ்சின் ஆயிலில் முழுக வையுங்கள். அவசரமென்றால் 100 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் 2 மணி நேரம் வைத்து, எண்ணெயிலேயே ஆறவிட்டு எடுக்கலாம். அந்த உலோகம் நுண்துளைகள் கொண்டது. உறிஞ்சிவைத்த எண்ணெயைத்தான் அது வாழ்நாள் முழுவதும் ஷாஃப்ட்டுக்குக் கொடுக்கும். துளையை ரீமர் போட்டுக் கடைந்தால் அந்த நுண்துளைகள் அடைபட்டுவிடும்.

எலக்ட்ரானிக் மாற்றிய கார்கள்

பாயின்ட்டை எடுத்துவிட்டு உள்ளேயே சென்சார் வைத்த கார்களில் குதிகாலுக்கும் கேமுக்கும் வேலை இல்லை, கிரீஸும் தேவையில்லை. ஆனால் எடைகளும் ஷாஃப்ட்டும் வேக்குவம் தகடும் அப்படியேதான் இருக்கின்றன. இந்தக் கார்களில்தான் இறுகல் அதிகம் காண்கிறேன். பாயின்ட் இருந்தவரை அதற்காகவாவது கேப்பைத் திறந்தார்கள், கூடவே இரண்டு சொட்டு விட்டார்கள். இப்போது திறக்கவே காரணமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். உச்சி, எடை, தகடு என்ற மூன்று இடங்களுக்கும் எண்ணெய் வழக்கம்போலவே வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

எண்ணெய் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, பாயின்ட் இடைவெளியும் அப்போதே. புதுப் பாயின்ட் போட்டால் முதல் 800 கிலோமீட்டருக்குள் ஒருமுறை அளந்துவிடுங்கள், குதிகால் கேமில் படிந்து கொஞ்சம் இறங்கியிருக்கும். அதிகம் ஓடாத காருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் காரென்றால் நிறுத்தும் முன்பே எண்ணெய் விடுங்கள். கேப்புக்குள் பொறியால் உண்டாகும் ஓசோனும் ஈரமும் சேர்ந்து காயும் உலோகத்தைத்தான் முதலில் அரிக்கின்றன. நிற்கும் காலத்தில் இடையிடையே கேப்பைக் கழற்றி ரோட்டரை நாலைந்து முறை திருகிவிட்டு மூடுங்கள். மறுபடி எடுக்கும் நாளில் அது விரலுக்குக் கீழே பட்டென்று திரும்பும்.